முதல் இழுப்பு

என் பெரிய மாமனார் ரம்ப மிஷினின் கயிற்றை இழுப்பதற்கு முன்னால் கை கழுவுவார். மரம் அறுக்கிற மிஷின், அதுவும் நாலு பேர் ஓட்டிக் கழித்துப் போட்ட பழைய மிஷின். கிரீசும் கரித்தூளும் ஏறிப்போன அந்தச் சாமானைத் தொட்ட பிறகு கை கழுவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தொடுவதற்கு முன்னால் கழுவுகிற ஒரே மனிதர் அவர்தான். ஒரு செம்புத் தண்ணீர், தோள் துண்டில் விரல் விரலாக ஒரு துடைப்பு, கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் கண்மூடல். அப்புறம் கயிற்றின் பிடியை வலது கையால் பற்றி ஒரே இழுப்பு. மிஷின் அலறிக்கொண்டு ஓடும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் ஆட்கள், "அண்ணாச்சி கைராசின்னா கைராசிதான்" என்று மெய்யாகவே கும்பிடுவார்கள். உள்வாசலில் நின்று பார்க்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? வாங்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே, கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அதே மிஷின் போதும் போதும் என்கிற மட்டும் ஓடி அடங்கியிருக்கும். ஓட்டி வைப்பது என் வீட்டுக்காரர். ஓட்டச் சொல்வது பெரிய மாமனார், அதாவது என் வீட்டுக்காரருடைய பெரியப்பா. சூடேறிய இன்ஜினை யார் இழுத்தாலும் ஓடும். கழுதை காலால் இழுத்தாலும் ஓடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்து, விடிந்ததும் வெட்டுக் காட்டில் முதல் தடவை இழுக்கும்போது ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் கடையில் யாருக்கும் வாயில்லை. ஏனென்றால் முதல் இழுப்பு அண்ணாச்சியுடையது என்று ஊரே சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தது.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, கொத்தமல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் வேலிக்கருவை. மற்ற வெள்ளாமையெல்லாம் கைவிட்டாலும் கருவை மட்டும் யாரையும் கைவிட்டதில்லை. தானாக முளைக்கும், தானாக வளரும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. முன்பு கோடரி, இப்போது ரம்ப மிஷின். புது மிஷின் வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே பழைய மிஷின்களை வாங்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, ஓட வைத்து விற்பது எங்கள் கடையின் தொழில். பிரித்து மாட்டுகிற வேலை முழுவதும் என் வீட்டுக்காரர் தலையில். பெரிய மாமனாரின் வேலை கை கழுவுவது.

பழைய மிஷின் தேடிப் போவது எனக்கு ரொம்பப் பிடித்த காரியம். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரருக்குத் துணையாக மொபெட்டின் பின்னால் சாக்கோடு உட்கார்ந்து போக ஆரம்பித்தேன். போகப் போக அவர் எனக்குத் துணையாக வருகிறார் என்று ஆகிவிட்டது. விற்கிறவனை முதலில் பார்க்க வேண்டும். மிஷினுக்குப் பெயிண்ட் அடித்து, முன்வாசலில் நாற்காலி போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்றால் வண்டியைத் திருப்பிவிடலாம். மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்ததை எடுத்துத் தரவே மனசில்லாமல், "இதையா கேக்குறீக" என்று முனகுகிறான் என்றால் இறங்கிப் பார்க்கலாம். இறங்கியதும் சிலிண்டர் பக்கம் உள்ளங்கையை வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். சில்லென்று இருந்தால் கயிற்றைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். உள்ளே இறுக்கம் இருந்தால் அது நின்று நின்று இறங்கும். இல்லையென்றால் கிணற்றில் வாளி விழுகிற மாதிரி விழும். அதற்கும் தேறினால், சைலன்சரைக் கழற்றி அந்தத் துவாரத்தின் வழியாக டார்ச் அடித்து உள்ளே பிஸ்டனைப் பார்ப்போம். கோடு விழாமல் வழவழவென்று இருந்தால் வாங்கலாம். பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டினவன் மிஷின் என்றால் பூனை பிறாண்டின மாதிரி இருக்கும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இதில் ராசி எங்கே வருகிறது? கண் இருந்தால் போதும், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

எங்களிடம் வாங்க வருகிற ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. சந்தையில் புளி வாங்கும்போது கொட்டை இருக்கிறதா என்று கிள்ளிப் பார்ப்பவர்கள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுபவர்கள். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து, அதற்கு மேலும் இரண்டு பேரை யோசனை கேட்பவர்கள். எங்கள் கடை வாசலுக்கு வந்ததும் அத்தனை புத்தியையும் செருப்போடு கழற்றி வெளியே விட்டுவிட்டு வருவார்கள். இவர் கை கழுவுகிறதை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஓடாத மிஷினைத் திரும்பத் தூக்கி வருகிறவனும் அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டான். "எனக்கு நேரஞ் சரியில்ல அண்ணாச்சி" என்று அவனே சொல்லிவிடுவான். இப்படிப்பட்ட கிராக்கி கிடைத்தால் எந்த மனுஷன்தான் திருந்துவான்?

இதில் கொடுமை என்னவென்றால், தன் கைராசியைப் பெரிய மாமனாரே நம்பினார். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. வெறும் ஏமாற்றுக்காரர் என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பேன். காலையில் "பின்னால கொண்டுபோயி ஓட்டி வைடா" என்று சொல்லுகிறதும் அதே வாய்தான், கொஞ்ச நேரம் கழித்து "எல்லாம் இந்தக் கை குடுத்தது" என்று வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறதும் அதே ஆள்தான். ஒருநாள் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை. மனுஷன் வந்து அதன்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, சுவிட்சைப் போட்டார். அது அசைந்தால்தானே. "கரண்டு ஆபீஸ்காரனுக்கு நேரஞ் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஈர அரிசியோடு நின்றுகொண்டு சிரிப்பதா அழுவதா என்று விழித்தேன். என் வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! தகப்பன் இல்லாமல் பெரியப்பா வீட்டில் வளர்ந்த மனுஷன். எதைக் கேட்டாலும் "பெரியப்பா சொல்லிட்டாகள்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதெல்லாம் ஊரான் பிரச்சினையாக இருந்தவரைக்கும் முணுமுணுப்போடு காலத்தைத் தள்ளினேன். என் தம்பி மிஷின் வாங்க வந்தபோதுதான் தீ என் முந்தானையில் பிடித்தது.

என் பிறந்த ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரில் விதைப்பு தொடங்கும் நாளில் ராசியான கை ஒன்று முதல் விதையைத் தூவ வேண்டும். எங்கள் அப்பா இறந்த வருஷம், அதுவரை அவர் கையிலிருந்த விதைப்பெட்டியைத் தம்பியிடம் கொடுத்தார்கள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மறுவருஷமும் கொடுத்தார்கள், அந்த வருஷம் பருத்தியில் புழு விழுந்தது. அதோடு ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, அவன் கை ஆகாத கை என்று. மழை பெய்யாததற்கு இவன் கை என்ன செய்யும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விதைப்பெட்டி வேறு வீட்டுக்குப் போனது. அப்புறம் கன்றுக்குட்டிக்குக் கயிறு மாட்டக்கூட அவனைக் கூப்பிட மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தக்கால் ஊன்றும்போது அவனே நாலடி தள்ளி நின்றுகொள்வான். நல்ல வளர்த்தியான பையன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு ஆவணியில் துணிந்து ஊர்க் கண்மாய்க்குள் நிற்கிற கருவையை ஏலத்தில் எடுத்தான். ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதற்குள் வெட்டி வெளியேற்றிவிட வேண்டும். வெட்டி முடித்தால் கையில் ஒரு தொழில் நிற்கும். முடிக்காவிட்டால் மரமும் போகும், ஊர் வாயில் ஆகாத கை என்ற பெயரும் நிரந்தரமாக நின்றுவிடும். மிஷின் வாங்க வாரேன் என்று போன் பண்ணினான். அவனுக்கென்று ஒரு மிஷினை நான் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தேன். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அதை எங்களுக்கு விற்ற கரிமூட்டக்காரருடைய பெண்சாதி தினமும் சாயங்காலம் அதன் ஃபில்டரைக் கழற்றி, தூசி தட்டி, பழைய சேலைத் துணியால் துடைத்து மாட்டுவாளாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் பளிச்சென்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் புது ரிங், புது ஹோஸ், கார்பரேட்டருக்குப் புது ரப்பர் தோல் எல்லாம் போட்டு முடித்திருந்தார்.

தம்பி வந்த அன்று பெரிய மாமனார் முகமெல்லாம் சிரிப்பு. சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு மிஷினை ஸ்டூலில் வைக்கச் சொன்னார். நான் வாசலுக்கே வந்து, "மாமா, அவன் அந்த டியூப் சுத்துன மிஷின எடுத்துக்கிடட்டும்" என்றேன்.

"சம்பந்தி வீட்டுப் பிள்ளைக்குப் பழசையா குடுக்குறது தாயி?" என்றார். இரண்டுமே பழசுதான். ஒன்றுக்குப் பெயிண்ட், இன்னொன்றுக்கு டியூப், அவ்வளவுதான் வித்தியாசம். நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துச் சிவப்பு மிஷினின் சிலிண்டர் பக்கம் வைத்தேன். "சூடா இருக்கா இல்லையா, நீயே சொல்லுலே."

"வெயில்ல இருந்துருக்கும்க்கா" என்றான். "ஆமா தாயி, வெயிலு" என்றார் பெரிய மாமனார். மிஷின் இருந்ததும் ஓடினதும் வேப்பமர நிழலில். என் வீட்டுக்காரர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சரி, அவனாவது இழுத்துப் பார்க்கட்டும் என்று நான் சொன்னதுதான் தாமதம், தம்பி இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டான். "வேணாம்க்கா. மொத இழுப்பு எங் கைல வேணாம். பெரியவுகளே இழுக்கட்டும்." அதற்கு மேல் நான் என்ன பேசுவது? செம்புத் தண்ணீர் வந்தது, துண்டு வந்தது, கிழக்கு வந்தது. ஒரே இழுப்பில் சிவப்பு மிஷின் ஓடியது. தம்பி அவர் காலில் விழுந்து எழுந்தான்.

மறுநாள் காலையில் கண்மாய்க்குள் அது ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. கூட வெட்ட வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவன் முகத்தைப் பார்த்தார்களாம். மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். கடையில் அப்போது பாலவனத்தத்திலிருந்து வந்த ஆட்கள் இருந்தார்கள். பெரிய மாமனார் மிஷினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் ரொம்பப் பாந்தமாகச் சொன்னார்: "எங்கிட்ட ஓடுன மிஷினு உங்கிட்ட ஓடலன்னா, மிஷின என்ன சொல்றது தம்பி?"

தம்பி "சரிதான் மாமா" என்று சொல்லிவிட்டு மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, நீ வெயில்ல வராத. எங் கையப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான். அன்றைக்கு நான் அந்த மனுஷரை மனசுக்குள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. ஒருத்தனுடைய பிழைப்பைக் கெடுத்ததோடு விட்டிருக்கலாம். தப்பு உன் கையில்தான் என்று அவனையே நம்ப வைத்து அனுப்பினாரே, அது எந்தக் கணக்கில் சேரும்? கை கழுவினால் போகிற அழுக்கா அது?

மறுநாள் டியூப் சுற்றின மிஷினின் பெட்ரோலை வடித்து, சாக்கில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வழியாகவே கிளம்பினேன். "எங்க தாயி?" என்றார் பெரிய மாமனார். "எந் தம்பி வீட்டுக்குப் போறேன் மாமா."

"சாக்குல என்ன?"

"நீங்க குடுக்க மறந்தது."

ஏதோ சீர்வரிசை என்று நினைத்தாரோ என்னவோ, "நல்லபடியா போயிட்டு வா" என்று வலது கையைத் தூக்கி வாழ்த்தினார். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பானரையும் டார்ச்சையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெரியப்பாவை எதிர்த்துச் செய்த முதல் காரியம் அது. திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் பெட்ரோல் வாடை வருகிறது என்று கத்திக்கொண்டே வந்தார். மீன் வாடை அடித்தால் சும்மா இருக்கிறீரே என்று நானும் பதிலுக்குக் கத்திக்கொண்டே போனேன்.

கண்மாய்க்குள் தம்பி கோடரியால் வெட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கொப்புளம். சாக்கைப் பிரித்ததும், "நான் தொட மாட்டேன்க்கா, இதுவும் போயிரும்" என்றான். நான் சிவப்பு மிஷினை எடுத்து வரச் சொல்லி, சைலன்சரைக் கழற்றி, டார்ச்சை அடித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பிஸ்டனில் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாகப் பிறாண்டியிருந்தது. அப்புறம் டியூப் மிஷினையும் அதே மாதிரி திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இது உங் கை போட்ட கோடா? சொல்லு. நீ வாங்குறதுக்கு முன்னாடியே விழுந்த கோடுடா இது" என்றேன். சைலன்சரை மாட்டி, பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, அவன் உள்ளங்கையைப் பிடித்துச் சிலிண்டர் பக்கம் வைத்தேன். "எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்குக்கா."

"இழு."

முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவையும் இருமி அடங்கியது. அவன் முகம் விழுந்துவிட்டது. கையை எடுக்கப் போனான். "எடுத்தீன்னா மிதிப்பேன்" என்றேன். மறுபடி இழுத்தான், பிடித்துக்கொண்டது. கண்மாய் முழுக்க அந்தச் சத்தம். கூட வெட்டுகிறவர்கள் கோடரியை அப்படியே போட்டுவிட்டு, "ஏலே, இவன் கைல ஓடுதுடா!" என்று ஓடி வந்தார்கள். தம்பி மிஷினை அணைக்கவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே நின்றான். நானும் அழுதேன். என்னத்தை மறைக்க?

ஐப்பசி மழை இறங்குவதற்குள் கண்மாயைச் சுத்தமாக வெட்டி வெளியேற்றிவிட்டான். அந்த வருஷம் கண்மாய் நிறைந்தது, ஊர் மனசும் நிறைந்தது, விதைப்பெட்டி மறுபடி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. பெரிய மாமனாரிடம் இது போய்ச் சேர்ந்தபோது, "நம்ம கடை மிஷினாச்சே, ஓடாமப் போகுமா?" என்று வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் காலமாகி இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. கடையை நானும் வீட்டுக்காரரும் பார்க்கிறோம். மிஷினைச் சில்லென்று எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, வந்தவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிடுவேன். பாதிப் பேர் கையை இழுத்துக்கொண்டு, "பெரியவுக இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்கிறார்கள். நல்லாருக்கும், நல்லாருக்கும், போய் வாங்க என்று அனுப்புகிறேன்.

போன வாரம் தம்பி போன் பண்ணினான். குரலில் ஒரு மிடுக்கு. "எக்கா, பக்கத்து ஊருல ஒருத்தவுக மிஷினு வாங்கியிருக்காக. மொத இழுப்பு நான்தான் இழுக்கணும்னு கார் அனுப்புறாக. இப்பல்லாம் யாரு மிஷினு வாங்குனாலும் என்னையத்தான் கூப்பிடுறாக."

பந்தக்கால் பக்கம் வராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளை. "அந்த மிஷினு எப்படின்னு தொறந்து பாத்தியாலே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குக்கா பாத்துக்கிட்டு? நான் வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓட்டி வைங்கன்னு சொல்லிவிட்டுட்டேன்."

பெரிய மாமனாரைத் திட்டுவதற்கென்று இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றாவது வாய்க்கு வரும் என்று போனைப் பிடித்தபடி நின்றேன். ஒன்றும் வரவில்லை. "வெறும் வயித்தோட போகாத, சாப்பிட்டுப் போலே" என்றேன்.